கச்சேரியின் 16 சேனலையும் இழப்பில்லாமல் சுருக்கி வைப்பது: முழுமையான வழிகாட்டி

இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றை 16 சேனலில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் மணிக்கு 8.3 ஜிபி வரும். மொத்தம் 20 ஜிபிக்குச் சற்று மேல். மார்கழியில் ஒரே வாரத்தில் ஐந்து கச்சேரி பதிவு செய்கிறவருக்கு 100 ஜிபி ஆகிவிடும். அதைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்துக்கொண்டு, மேற்கொண்டு இரண்டு பிரதியும் எடுப்பதென்றால் கட்டுப்படியாகாது. எம்பி3 போலத் தரத்தைக் குறைத்து வைத்தால் பின்னால் மிக்ஸ் செய்ய உதவாது. அதனால்தான் இழப்பில்லாச் சுருக்கத்துக்கு வருகிறோம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பல தடவை கூட இருந்து பார்த்திருக்கிறேன். சுருக்கும் நிரல் தன் வேலையை ஒழுங்காகவே செய்யும். கொடுத்த சாம்பிளை (ஒலி அலையை நொடிக்கு 48,000 தடவை அளந்து எழுதும் எண்களில் ஒன்று) ஒரு பிட்கூட மாறாமல் திருப்பித் தரும். தொலைவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்: எந்தச் சேனலில் யார் என்ற விவரம், சேனல்களின் வரிசை, நேரக்குறிப்பு, உரத்த இடங்களின் உச்சி. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலக் கோப்புகள் இருக்கும் மெமரி கார்டு, அதன் எழுது-பூட்டு போட்ட நிலையில். கார்டிலிருந்தே நேரடியாகச் சுருக்காதீர்கள். முதலில் கணினியின் டிஸ்க்குக்கு நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள்.

கார்டின் நகலை எடுத்த பிறகும், மூலத்தைப் போல மூன்று மடங்கு காலி இடம். 20 ஜிபி பதிவுக்கு 60 ஜிபி. துண்டுகளை ஒட்டிய கோப்பு ஒன்று, சுருக்கிய கோப்பு ஒன்று, சரிபார்க்க விரித்த கோப்பு ஒன்று என்று மூன்றும் ஒரே நேரத்தில் டிஸ்க்கில் இருக்கும். பாதியில் இடம் தீர்ந்தால் அரைகுறைக் கோப்பு ஒன்று மிஞ்சும். பார்வைக்கு அது முழுக் கோப்பு போலவே இருக்கும்.

டிஸ்க் எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் போன்ற வடிவில் இருக்கட்டும். பழைய ஃபேட்32 வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

நிரல்கள்: ஃப்ளாக்கின் சொந்தக் கட்டளை வரி நிரல் (1.4 அல்லது அதற்குப் பிந்தையது), வேவ்பேக் (5 அல்லது அதற்குப் பிந்தையது), எஃப்எஃப்எம்பெக். ஃப்ளாக், வேவ்பேக் இரண்டும் இழப்பில்லாச் சுருக்க வடிவங்கள்; எஃப்எஃப்எம்பெக் ஒலி, வீடியோக் கோப்புகளை மாற்றும் பொது நிரல். மூன்றும் இலவசம். பொத்தான்களோடு வரும் மாற்றி நிரல்களை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. பெரும்பாலானவை ஸ்டீரியோ பாட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சேனல் கூடினால் என்ன செய்தோம் என்று சொல்லாமலே எதையாவது செய்துவிடும்.

2. முதல் வேலை: சேனல் பட்டியல்

கோப்பைத் திறப்பதற்கு முன்பே இதை எழுதுங்கள். கச்சேரி முடிந்த அன்று இரவு எல்லாம் நினைவில் இருக்கும். ஆறு மாதம் கழித்து 4ஆம் சேனல் மிருதங்கத்தின் வலந்தலையா தொப்பியா என்று காதால் கண்டுபிடிக்க வேண்டிவரும். அதையாவது கண்டுபிடித்துவிடலாம். அரங்கின் இடப்பக்க மைக் எது, வலப்பக்க மைக் எது என்பதைக் காது சொல்லாது.

நான் எழுதும் பட்டியல் இப்படி இருக்கும்:

1 பாட்டு
2 பின்பாட்டு
3 வயலின்
4 மிருதங்கம், வலந்தலை
5 மிருதங்கம், தொப்பி
6 கடம்
7 கஞ்சிரா
8 தம்புரா, மின்னணு, நேரடி இணைப்பு
9, 10 மேடை முன் ஜோடி மைக், இடம் வலம்
11, 12 அரங்கு மைக், இடம் வலம்
13, 14 மிக்சரின் ஸ்டீரியோ வெளியீடு
15, 16 காலி

ஜோடியாக வரும் மைக்குகள் 9, 11, 13 என்று ஒற்றைப்படை எண்ணில் தொடங்குவதைக் கவனியுங்கள். பதிவு செய்யும்போதே இப்படி அமைத்துக்கொண்டால் பின்னால் சுருக்கத்தில் ஒரு ஆதாயம் உண்டு. 7ஆம் படியில் வரும். இடம் வலம் என்று எழுதும்போது யார் பார்வையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்வையாளர் பார்வையிலா, மேடையில் உட்கார்ந்திருப்பவர் பார்வையிலா என்று குழம்பி, மிக்ஸில் வயலினும் மிருதங்கமும் பக்கம் மாறி உட்கார்ந்த கதைகள் நிறைய.

இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 15, 16ஐ இப்போதே வெட்டிவிடாதீர்கள். உண்மையிலேயே பூஜ்யமாக இருக்கும் சேனலுக்கு ஃப்ளாக்கும் வேவ்பேக்கும் எடுத்துக்கொள்ளும் இடம் அற்பம். ஆனால் மைக் இல்லாமல் கெயினை மட்டும் திறந்து வைத்த சேனல் வேறு. அதில் இரைச்சல் இருக்கும், இரைச்சலைச் சுருக்க முடியாது. மைனஸ் 100 டெசிபலில் இருக்கும் இரைச்சல்கூட ஒரு சாம்பிளுக்கு ஏறத்தாழ 8 பிட்டைத் தின்றுவிடும். 24இல் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த தடவை பயன்படாத சேனலை மிக்சரிலேயே பதிவுக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.

3. கோப்பு எந்த இனம் என்று பாருங்கள்

எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் நிரலிடம் கோப்பைக் கொடுத்தால் நான்கு விஷயம் சொல்லும்: எத்தனை சேனல், எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை பிட், முழு எண்ணா ஃப்ளோட்டா (புள்ளி நகரும் தசம எண்ணா). நான்கையும் பட்டியலின் மேலே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லா முடிவும் இவற்றைப் பொறுத்தது.

இதில் கடைசி விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இப்போது வரும் கையடக்க ரெக்கார்டர்கள் பலவற்றில் 32 பிட் ஃப்ளோட் பதிவு உண்டு. அதன் பெரிய பயன், அளவு, முழு எண் பதிவின் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தாண்டினாலும் ஒலி நசுங்காமல் கோப்பில் இருக்கும், பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஃப்ளாக் வடிவத்தில் ஃப்ளோட்டுக்கு இடமே இல்லை. அது முழு எண்களை மட்டும்தான் வைக்கும். ஃப்ளோட் கோப்பைக் கொடுத்தால் ஃப்ளாக்கின் சொந்த நிரல் முடியாது என்று மறுத்துவிடும். அதுதான் நல்லது. எஃப்எஃப்எம்பெக் மறுக்காது. தானே முழு எண்ணாக மாற்றி எழுதிவிடும், 0 டெசிபலைத் தாண்டிய இடங்கள் அத்தனையும் தட்டையாக வெட்டுப்படும். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் மிருதங்கம் தாண்டியிருந்தால், எந்த இடத்துக்காக ஃப்ளோட்டில் பதிவு செய்தீர்களோ அதுவே போய்விடும். ஆகவே ஃப்ளோட் என்று தெரிந்தால் வேவ்பேக்தான், யோசிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று: 32 பிட் முழு எண் என்று காட்டும் கோப்பு. சில மிக்சர்கள் 24 பிட் ஒலியை 32 பிட் இடத்தில் போட்டு, மிச்சம் 8 பிட்டைப் பூஜ்யமாக விட்டு எழுதும். அளவைப் பார்த்துப் பயந்து 24க்கு மாற்ற வேண்டாம். இரண்டு வடிவங்களும் அந்தப் பூஜ்யங்களைக் கண்டுகொண்டு இடம் ஒதுக்காமல் விட்டுவிடும். மாற்றப் போனால்தான் ஆபத்து. தவறி 16 பிட் என்று கொடுத்துவிட்டால், சாக்ஸ் என்ற ஒலி மாற்றி நிரல் தானாகவே டிதர் என்ற மெல்லிய இரைச்சலையும் சேர்க்கும். வேண்டாம் என்று தனியாகச் சொன்னால்தான் விடும். ஃப்ளாக் 1.4 பதிப்பிலிருந்து 32 பிட்டை அப்படியே ஏற்கிறது. மேலே பதிப்பு எண்ணை வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

4. துண்டுகளை ஒட்டுவது

வேவ் கோப்பின் தலைப்பகுதியில் நீளத்தைச் சொல்ல 32 பிட் எண் ஒன்றுதான் உண்டு. அதனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. 16 சேனல், 24 பிட் என்றால் அது 31 நிமிடம். இரண்டரை மணி நேரக் கச்சேரி ஐந்து துண்டாகக் கார்டில் இருக்கும்.

ஒட்டியபின் சுருக்குங்கள். தனித்தனியாகச் சுருக்கி வைத்தால் ஐந்தில் ஒன்று எங்கோ தவறிப்போகும். அதுவும் பெரும்பாலும் ராகம் தானம் பல்லவியின் நடுவில் வெட்டுப்படும் துண்டாகவே இருக்கும்.

ஒட்டிய கோப்பு 4 ஜிபியைத் தாண்டுவதால் அதைச் சாதாரண வேவாக எழுதக் கூடாது. ஆர்எஃப்64 அல்லது டபிள்யூ64 வடிவில் எழுதச் சொல்லுங்கள். இரண்டிலும் நீளத்துக்கு 64 பிட் இடம் உண்டு. ஃப்ளாக், வேவ்பேக் இரண்டும் இவற்றைப் படிக்கும். சாதாரண வேவாகவே எழுதினால் என்ன ஆகும்? கோப்பு டிஸ்க்கில் 20 ஜிபி இருக்கும். தலைப்பகுதியோ வேறொரு சின்ன நீளத்தைச் சொல்லும். அதை நம்பும் நிரல் அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும்.

எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் துண்டுகளை இழுத்து அடுத்தடுத்து வைத்து ஏற்றுமதி செய்வது பலருடைய வழக்கம். வேண்டாம். துண்டுகளுக்கு நடுவே தானாகச் சேரும் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய்ந்து அடுத்தது எழுவது), ஃபேடரின் நிலை, ஒலியை இடம் வலம் வைக்கும் பேன் விதியால் வரும் 3 டெசிபல் மாற்றம் என்று கண்ணுக்குத் தெரியாத கைகள் அங்கே நிறைய. எஃப்எஃப்எம்பெக்கின் கான்கேட் வசதியில், ஒலியை மாற்றாமல் நகல் மட்டும் எடுக்கும் முறையில் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மொத்தச் சாம்பிள் எண்ணிக்கை துண்டுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாம்பிள் குறைந்தாலும் காரணம் தெரியாமல் மேலே போகாதீர்கள்.

நடுவில் கரண்ட் போன பதிவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரு கோயில் உற்சவத்தில், கடைசித் துண்டு எழுதிக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ரெக்கார்டர் தலைப்பகுதியில் நீளத்தை எழுதி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. கணினியில் அந்தத் துண்டு 0 நொடி என்று காட்டியது. கோப்பின் அளவோ 2 ஜிபிக்கு மேல். ஒலி முழுக்க உள்ளேதான் இருந்தது. இந்த மாதிரிக் கோப்புக்காகவே, தலைப்பகுதி சொல்லும் நீளத்தைப் பொருட்படுத்தாமல் கோப்பின் முடிவு வரை படி என்று சொல்லும் விருப்பம் ஃப்ளாக்கிலும் இருக்கிறது, வேவ்பேக்கிலும் இருக்கிறது. 0 நொடி என்று பார்த்தவுடன் அழிக்காதீர்கள். அளவைப் பாருங்கள்.

5. எந்த வடிவம்: முடிவு எடுக்கும் இடம்

ஃப்ளாக்கில் ஒரு கோப்பில் அதிகபட்சம் 8 சேனல். இது நிரலின் குறை என்று நினைத்து வேறு நிரல் தேடுகிறவர்கள் உண்டு. வடிவத்தின் வரையறையே அப்படித்தான். 2024இல் ஆர்எஃப்சி 9639 என்று வெளியான தரநிலையிலும் 8தான். ஆப்பிளின் ஏலாக் வடிவத்திலும் 8தான். வேவ்பேக் 256 சேனலையும் அநாயாசமாக ஏற்கும். எம்பெக்-4 ஏஎல்எஸ் என்ற வடிவம் 65,536 சேனல் வரை வரையறுத்திருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் மென்பொருள்கள் சொற்பம். இருபது வருடம் கழித்துத் திறக்க வேண்டிய கோப்பை அதில் வைக்க எனக்கு மனம் வராது.

என் முடிவுகள் இவை.

8 சேனலுக்குள், முழு எண் பதிவு என்றால் ஒரே ஃப்ளாக் கோப்பு. எங்கும் திறக்கும்.

8க்கு மேல் என்றால், நம் சேமிப்புக்கு எல்லாச் சேனலும் அடங்கிய ஒரே வேவ்பேக் கோப்பு. ஒரே கோப்பில் இருப்பதால் சேனல்களின் நேர ஒழுங்கு கலையாது, ஒன்று மட்டும் காணாமல் போகவும் வழியில்லை. ரீப்பர் என்ற மிக்ஸிங் மென்பொருளில் அதை அப்படியே இழுத்துப் போட்டு, சேனல்களைத் தனித்தனி டிராக்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

மிக்ஸ் செய்கிற வேறொருவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் சேனலுக்கு ஒன்றாக மோனோ ஃப்ளாக் கோப்புகள். அவரிடம் எந்த மென்பொருள் இருந்தாலும் திறக்கும். எல்லாக் கோப்பும் ஒரே சாம்பிளில் தொடங்கி ஒரே சாம்பிளில் முடிய வேண்டும். கஞ்சிரா தனியில்தான் வாசித்தது, முன்பகுதி காலி என்று அதன் முன்பக்கத்தை வெட்டிவிட்டால் வாங்குகிறவர் எந்த இடத்தில் வைப்பார்?

16ஐ 8, 8 என்று இரண்டு ஃப்ளாக் கோப்பாகப் பிரிப்பதையும் பலர் செய்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் இரண்டாவது கோப்பின் 1ஆம் சேனல் உண்மையில் 9ஆம் சேனல் என்பதைப் பட்டியலைப் பார்க்காத யாரும் அறியமாட்டார்கள்.

ஜிப், ரார் போன்ற பொதுச் சுருக்கங்களை முயல வேண்டாம். ஒலி அலையின் போக்கை ஊகிக்கும் அறிவு அவற்றுக்கு இல்லாததால் வேவ் கோப்பு பெரிதாகக் குறையாது. ஃப்ளாக்கும் வேவ்பேக்கும் அடுத்த சாம்பிளை முந்தைய சாம்பிள்களிலிருந்து ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகின்றன. தம்புரா அழகாகச் சுருங்குவதும், கைதட்டல் சுருங்க மறுப்பதும் இதனால்தான்.

6. ஸ்பீக்கர் இடம் என்னும் பொறி

ஒரு தம்பி 8 சேனல் பதிவு ஒன்றை ஃப்ளாக்காக மாற்றி, கேட்டுப் பார்க்க ஸ்டீரியோ நகலும் எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். “அண்ணே, கடம் பதிவாகவே இல்லை. மைக் செத்துப்போச்சு போல” என்றான். அவன் பட்டியலைப் படிக்கச் சொன்னேன்: 1 பாட்டு, 2 வயலின், 3 மிருதங்கம், 4 கடம், 5 தம்புரா. நான்காவது என்றதுமே விஷயம் புரிந்துவிட்டது.

ஃப்ளாக்கில் 8 சேனல் என்றால் அது 7.1 சரவுண்டு என்றுதான் பொருள். முன் இடம், முன் வலம், நடு, சப்வூஃபர், பின் இடம், பின் வலம், பக்க இடம், பக்க வலம் என்று வரிசையும் வரையறுக்கப்பட்டது. ஆக, பாட்டு இடப்பக்கம், வயலின் வலப்பக்கம், மிருதங்கம் நடு, கடம் சப்வூஃபர். எஃப்எஃப்எம்பெக் ஸ்டீரியோவாகக் கலக்கும்போது சப்வூஃபர் சேனலை இயல்பாகவே விட்டுவிடும். கடம் அப்படித்தான் காணாமல் போயிற்று. ஃப்ளாக் கோப்பில் அது பத்திரமாக இருந்தது. தம்பி மூலத்தை அழித்திருந்தால்கூடத் தப்பித்திருப்பான்; ஸ்டீரியோ நகலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் கடம் போயிருக்கும்.

இதைத் தவிர்க்க, இந்தச் சேனல்களுக்கும் ஸ்பீக்கருக்கும் தொடர்பில்லை என்று கோப்பிலேயே எழுத வேண்டும். ஃப்ளாக்கில் சேனல் மாஸ்க் என்ற குறிச்சொல்லுக்கு 0 மதிப்பு கொடுத்தால் அதுதான் பொருள். எல்லா மென்பொருளும் அதைப் படிப்பதில்லை என்பதால் பட்டியலை நம்புங்கள், பிளேயரை நம்பாதீர்கள். வேவ்பேக்கில் சேனல் ஆர்டர் என்ற விருப்பத்துக்கு, ஸ்பீக்கர் பெயர்களுக்குப் பதில் மூன்று புள்ளி மட்டும் கொடுத்தால் எல்லாச் சேனலும் இடம் ஒதுக்கப்படாதவை என்று பதிவாகும்.

மூல வேவ் கோப்பிலேயே விநோதமான மாஸ்க் இருந்தால் ஃப்ளாக் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். சேனல் மேப் விருப்பத்துக்கு ‘நன்’ (none) என்று கொடுத்தால் உள்ள வரிசையிலேயே எழுதும். ஒன்று நினைவிருக்கட்டும்: அப்படிச் சுருக்கியதை விரிக்கும்போதும் அதே விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். கோப்போடு வைக்கும் பட்டியலில் இதையும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

7. இப்போது சுருக்குங்கள்

ஃப்ளாக்கில் சுருக்க நிலை 0 முதல் 8 வரை. இயல்பு 5. நான் 8 வைக்கிறேன். நேரம் கொஞ்சம் கூடும், இடம் கொஞ்சம் குறையும், திறக்கும் வேகம் ஏறத்தாழ அதேதான். நிலையைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. எந்த நிலையிலும் ஒலி ஒன்றுதான்.

இரண்டு விருப்பங்களை மறக்கக் கூடாது. ஒன்று வெரிஃபை: எழுதிக்கொண்டே திரும்ப விரித்து மூலத்தோடு ஒப்பிடும். மற்றது கீப் ஃபாரின் மெட்டாடேட்டா: ரெக்கார்டர் வேவ் கோப்புக்குள் எழுதிய நேரக்குறிப்பு, டிராக் பெயர்கள், மார்க்கர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும். இதைக் கொடுக்காவிட்டால் ஃப்ளாக் நிரல் அவற்றை எடுத்துச் செல்லாது. கச்சேரியை வீடியோவும் எடுத்திருந்தால், படத்தோடு ஒலியைப் பொருத்த உதவும் நேரக்குறிப்பு அங்கேதான் இருக்கிறது. விரிக்கும்போதும் இதே விருப்பம் வேண்டும். இன்னொன்று: துண்டுகளை ஒட்டும்போதே எஃப்எஃப்எம்பெக் இவற்றில் சிலவற்றை விட்டுவிடலாம். அதனால் முதல் துண்டின் நேரக்குறிப்பைப் பட்டியலில் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

வேவ்பேக்கில் மூலத்தின் தலைப்பகுதியும் வால்பகுதியும் தானாகவே சேமிக்கப்படும். விரித்தால் பழைய கோப்பு பைட்டுக்குப் பைட் திரும்பும். சேமிப்பு வேலைக்கு எனக்கு அதைப் பிடித்ததற்கு முதல் காரணம் இது. எம் என்ற விருப்பம் கொடுத்தால் எம்டி5 கையொப்பமும் (ஒலியிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண்) சேரும். கட்டாயம் கொடுங்கள்.

ஸ்பீக்கர் இடம் ஒதுக்காத சேனல்களை வேவ்பேக் ஒவ்வொன்றாக மோனோவாகச் சுருக்கும். பேர் அன்அசைன்டு சேன்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அடுத்தடுத்த இரண்டை ஜோடியாக எடுத்து, இரண்டுக்கும் பொதுவானதைக் கண்டு இடம் மிச்சம் பிடிக்கும். 9-10, 13-14 என்று ஜோடிகள் ஒற்றைப்படை எண்ணில் தொடங்கச் சொன்னது இதற்குத்தான். மிக்சர் வெளியீட்டில் ஆதாயம் நன்றாகத் தெரியும். பாட்டு மைக்குக்கும் பின்பாட்டு மைக்குக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஃப்ளாக்கில் இந்த ஜோடி வித்தை 2 சேனல் கோப்புக்கு மட்டும்தான். 3 முதல் 8 வரை ஒவ்வொரு சேனலும் தனித்தனியாகவே சுருங்கும்.

வேவ்பேக்கில் ஹை, வெரி ஹை என்று உயர்ந்த நிலைகள் உண்டு. அவை சுருக்கும்போது மட்டுமல்லாமல் திறக்கும்போதும் கணினியை வாட்டும். 16 டிராக்கை மிக்ஸிங் மென்பொருளில் ஓடவிடுகிறவர் இயல்பு நிலையிலேயே இருப்பது நல்லது.

ஹைபிரிட் என்ற முறையைத் தொடாதீர்கள். அது ஒலியை இரண்டு கோப்பாக எழுதும்: ஒன்று தரம் குறைந்த முதன்மைக் கோப்பு, மற்றது திருத்தக் கோப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் இழப்பில்லை. திருத்தக் கோப்பை எழுதச் சொல்ல மறந்தாலோ, பின்னால் தொலைத்தாலோ மிஞ்சுவது இழப்புள்ள நகல்தான். கோப்பின் பெயரைப் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது.

மோனோ ஃப்ளாக்குகள் வேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக்கில் சேனல் ஸ்ப்ளிட் கொண்டு முதலில் மோனோ வேவாகப் பிரித்து, அப்புறம் ஃப்ளாக் நிரலிடம் கொடுங்கள். பிரிக்கும்போது 24 பிட் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் வேவுக்கு இயல்பாக 16 பிட்டில் எழுதும். கோப்பின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவர்களில் பாதிப்பேர் இங்கே மாட்டியவர்கள்.

8. சரிபார்ப்பு

ஃப்ளாக் கோப்பின் தலையில், சுருக்குவதற்கு முந்தைய ஒலியின் எம்டி5 இருக்கும். டெஸ்ட் விருப்பத்தோடு ஓடவிட்டால் முழுக்க விரித்து அதோடு ஒப்பிடும். எம்டி5 அமைக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் ‘ஓகே’ என்ற சொல்லைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஒப்பிட ஒன்றும் இல்லாததால் வந்த ஓகே அது. வேவ்பேக்குக்கு அதன் விரிக்கும் நிரலில் வெரிஃபை உண்டு.

இவை சொல்வது ஒன்றுதான்: சுருக்கும் நிரலுக்குள் போனது சரியாக வெளியே வருகிறது. உள்ளே போகும்போதே 16 பிட்டாகவோ ஸ்டீரியோவாகவோ மாறிப் போயிருந்தால் இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிக்காது. அதனால் மூலத்தோடு ஒரு ஒப்பீடு கட்டாயம். கார்டின் துண்டுகளையும், விரித்த கோப்பில் அதே பகுதியையும் எஃப்எஃப்எம்பெக்கிடம் கொடுத்து, இரண்டையும் ஒரே பிட் அளவில் ஒலியின் எம்டி5ஆகக் கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்களுக்கு இன்னொரு வழி. மூலத்தையும் விரித்ததையும் இரண்டு டிராக்கில் ஒரே இடத்தில் வைத்து, ஒன்றின் ஃபேஸைத் தலைகீழாக்கி ஓடவிடுங்கள். மீட்டர் அசையவே கூடாது. எங்காவது லேசாக அசைந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. சேனல் வரிசை குழம்பியிருந்தால் கச்சேரியே கேட்கும். புதிதாக வருகிறவர்களை முதல் பத்துக் கோப்புக்கு இதைச் செய்யச் சொல்வேன். முழு நிசப்தத்தை ஒரு தடவை காதால் கேட்டபிறகு, அதற்குக் குறைந்த எதையும் ஏற்றுக்கொள்ள மனம் வராது.

9. பெயரும் கூட்டாளிகளும்

ஒரு கச்சேரிக்கு ஒரு கோப்புறை. உள்ளே சுருக்கிய கோப்பு, சேனல் பட்டியல் ஒரு சாதாரண உரைக் கோப்பாக, எம்டி5 எண்கள் இன்னொரு உரைக் கோப்பாக. பெயரின் தொடக்கத்தில் தேதி, வருடம் முதலில் வரும்படி. மோனோ கோப்பு என்றால் 04 மிருதங்கம் வலந்தலை என்று இரண்டு இலக்க எண்ணோடு. வெறும் 4 என்று எழுதினால் சில இடங்களில் 10க்குப் பின்னால் போய் நிற்கும்.

பட்டியலைக் கோப்பின் குறிச்சொல்லிலும் ஒட்டிவிடுங்கள். ஃப்ளாக்கிலும் வேவ்பேக்கிலும் கருத்துரைக்கு இடம் இருக்கிறது. உரைக் கோப்பு தொலைந்தாலும் விவரம் ஒலியோடு ஒட்டிக்கொண்டே போகும்.

10. கார்டை எப்போது அழிக்கலாம்

8ஆம் படி முடிந்து, இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் நகல் ஏறி, இரண்டாவது நகலிலும் டெஸ்ட் ஓடி முடிந்த பிறகு. அதற்கு முன் யார் கார்டு கேட்டாலும் கொடுக்காதீர்கள். புதிது வாங்கிக் கொடுங்கள்.

இரண்டு நகல் ஏன் என்றால், சுருக்கிய கோப்பு சேதத்தைத் தாங்கும் விதம் வேறு. வேவில் ஒரு பைட் கெட்டால் ஒரு சாம்பிளில் சின்ன டிக் சத்தம். ஃப்ளாக்கில் அந்தப் பைட் இருக்கும் ஃபிரேம் (சேர்த்துச் சுருக்கிய சாம்பிள்களின் தொகுதி) முழுக்கப் போகும். வழக்கமான 4096 சாம்பிள் ஃபிரேம் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 85 மில்லிநொடி. 8 சேனல் கோப்பானால் அந்த 85 மில்லிநொடி எட்டுச் சேனலிலும் போகும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாக் கோப்புகளையும் டெஸ்ட் விருப்பத்தோடு ஓடவிடுங்கள். இரவில் தொடங்கிவிட்டுத் தூங்கப் போனால் காலையில் முடிந்திருக்கும். பிழை என்று ஏதாவது ஒரு கோப்பு வந்தால் மற்ற டிஸ்க்கின் நகலை முதலில் சோதித்து, அது சரியாக இருந்தால் மட்டும் அதிலிருந்து எடுத்து வையுங்கள். சோதிக்காமல் நகலெடுத்தால், கெட்டுப்போன கோப்பு நல்ல கோப்பின் மேல் ஏறிவிட வாய்ப்பு உண்டு.